பதினேழாம் அன்னம்

முப்பத்து மூன்று வளைவுப் பாலத்தை
எங்கே நின்று படமெடுத்தால் அழகு என்று
யஸ்திலிருந்து வந்த புதுமணத் தம்பதி கேட்டார்கள்.
இங்கேயே, என்றேன்.
ஆறு எங்கே, என்றாள் அவள்.
அதன்மேல்தான் நிற்கிறீர்கள்.
சட்டென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டாள்,
தூங்குகிறவர் யாரையோ மிதித்துவிட்டதுபோல.

இஸ்பஹானில் மிதிபடகுக் கூண்டில்
சீட்டுக் கிழிப்பவள் நான்.
கடைசியாகக் கிழித்தது
நாலாயிரத்து நூற்றுப் பதினேழு.
அடுத்தது
சுருளிலிருந்து நாக்கை நீட்டியபடி
இரண்டு கோடையாய்க் கிடக்கிறது.

கரையோரம் இருபத்தாறு அன்னங்கள்.
கண்ணாடிநார் உடம்பு, மஞ்சள் அலகு,
எல்லாக் கழுத்துக்கும் ஒரே சங்கிலி.
பாலையும் நீரையும் பிரிக்குமாம் அன்னம்;
பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் அண்ணன்
எந்த மாலுமியிடமோ கேட்டுவந்து சொன்னான்.
இவை பாவம்,
மணலிலிருந்து மணலைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன.

சீட்டு விற்காத நாளில் வழி சொல்லுவேன்.
சதுக்கத்துக்குப் போங்கள்.
மசூதியின் நீலத்தை மாலை ஐந்துக்குப் பாருங்கள்,
நாலரைக்கு அது வெறும் ஓடு.
ஜுல்ஃபாவில் அர்பினேயின் கடையில் காப்பி குடியுங்கள்,
சில்லறை இல்லை என்பாள், நம்பாதீர்கள்.
இருட்டியதும் காஜு பாலத்துக்கு நடங்கள்.
இக்கரைக் கல்சிங்கத்தின் பின்னால் நின்றால்
அக்கரைச் சிங்கத்தின் கண் எரியும்.
தெருவிளக்குதான் என்பார் படகுக்காரர் தூராஜ்.
இருந்தாலும்
ஒவ்வொரு முறையும் அவரும் குனிந்து பார்ப்பார்.

பாலத்தின் கீழே
வற்றிய ஆற்றிலும் பாட வருகிறார்கள் ஆண்கள்.
வளைவுகள் குரலை வாங்கித்
திருப்பித் தருகின்றன,
நீர் இருந்த காலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை செய்தி வந்தது:
மேலே மதகைத் திறந்துவிட்டார்களாம்.
மூன்று நாள் ஆகும் என்றார்கள்.
மூன்று நாளும் ஊரே
ஆற்றின் வயிற்றில் பாய் விரித்து
சூரியகாந்தி விதை கொறித்தது.

இரவு இரண்டேகாலுக்கு வந்தது.
ஆறு மாதிரி வரவில்லை.
கவிழ்ந்த தேநீர் விரிப்பில் பரவுமே, அப்படி.
பழுப்பு நாக்கு, நுரை உதடு,
முன்னே தள்ளிக்கொண்டு வந்தவை:
ஒரு செருப்பு, கணக்கற்ற புட்டிகள்,
நாங்கள் துப்பிய விதைத் தோல்கள்.
முதலில் கேட்டது நீரின் சத்தம் அல்ல.
வெடித்த மண் குடிக்கும் சத்தம்,
வாணலியில் வெங்காயம் விழுந்ததுபோல் ஒரு சீறல்.
ஜனங்கள் அதற்கு முகம் காட்டியபடி
பின்னோக்கி நடந்தார்கள்.
பெரிய இடத்து விருந்தாளிக்கு
முதுகு காட்டக் கூடாதில்லையா.

தூண்கள் ஒரு சாண் கறுத்தன.
அன்னங்கள் ஒவ்வொன்றாய் வாலைத் தூக்கின.
பதினேழு மட்டும் அடியில் விரிசல்,
இடப்பக்கம் சாய்ந்தே மிதந்தது.

எட்டே நாள், என்றார் தூராஜ்,
சங்கிலிப் பூட்டில் எண்ணெய் விட்டபடி.
கிழக்கே கோதுமைக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.
பிறகு மூடிவிடுவார்கள்.
அவர் குரலில் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை,
பூட்டு திறக்காத எரிச்சல் மட்டும்.

விடியுமுன் ஒருவர் கூண்டைத் தட்டினார்.
காற்சட்டை முழங்கால்வரை சுருட்டி, கம்பளித் தொப்பி.
ஒரு சீட்டு. மிதிக்கப்போவதில்லை,
சும்மா உட்கார்ந்திருப்பேன்,
காசு முழுசாய் எடுத்துக்கொள்.
பதினேழைக் காட்டினார்.
அது சாய்கிறது, என்றேன்.
நான் வலப்பக்கம் உட்காருகிறேன்.

நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டைக் கிழித்தேன்.
முத்திரையை அழுத்தினேன்;
விழவில்லை.
மைப்பெட்டி காய்ந்து
ஓடாய் உரிந்துகொண்டிருந்தது.
படியிறங்கிப் போய்
ஆற்றில் ஒரு முக்கு முக்கி எடுத்து வந்தேன்.
மங்கலாய், ஊதாவாய்,
ஓரங்களில் கசிந்தபடி விழுந்தது தேதி.
ஆண்டைத் திருப்ப மறந்திருந்தேன்:
ஆயிரத்து நானூற்று ஒன்று.

அவர் படித்தார்.
திருத்தித் தரவா, என்று கை நீட்டினேன்.
அதற்குள் அதை நான்காய் மடித்துத்
தொப்பிக்குள் வைத்துக்கொண்டு
வலப்பக்கமாய் ஏறினார்.